‘ஒன்’ என்றால் ‘மேல’ என்று படிப்பித்தது யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆங்கிலப் பாடம் பற்றியது, ஆனால் பாதிக்கு மேல் வரலாறுதான். வீட்டில் தரம் 6 முதல் 9 வரை படிக்கிற பிள்ளை இருந்தால் கடைசி வரை வாசியுங்கள், பிரயோசனம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு தாய் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். அவருடைய உம்மாவுக்குத் தைரொயிட் பிரச்சினை. தினமும் ஒரு குளிசை. ஒரு முறை பெட்டிக்குள் இருந்த தாளை என்னுடைய மாணவியான பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ‘ஒன் என் எம்ப்டி ஸ்டொமக்’ என்று இருந்திருக்கிறது. பிள்ளை ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் கருத்தும் சொல்லியிருக்கிறாள்.

“வெறும் வயித்துக்கு மேல எடுக்கணுமாம் எண்டு மகள் சொன்னா சேர். உம்மா அதை, வயிறு நிறைஞ்ச பொறகு எண்டு விளங்கிட்டா. ரெண்டு மாசமா காலைச் சாப்பாட்டுக்குப் பொறகுதான் குடிச்சிருக்கா. கிளினிக்ல இரத்தம் பார்த்தா கட்டுப்பாட்டில இல்லையாம். டொக்டர் எப்படிக் குடிக்கிறீங்க எண்டு கேட்டுத்தான் விசயம் வெளியில வந்த.”

அந்தக் குளிசையை அதிகாலையில், ஒன்றும் சாப்பிடாமல் குடிக்க வேண்டும். சாப்பாட்டோடு போனால் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சாது. அல்ஹம்துலில்லாஹ், பெரிய பாதிப்பு இல்லை. இப்போது சரியாகக் குடிக்கிறார். கூட்டத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்த மாணவி கெட்டிக்காரி. ஆங்கிலத்தில் எழுபதுக்குக் குறைந்து புள்ளி எடுத்ததில்லை. அவள் வாசித்ததில் ஒரு சொல்லும் பிழையில்லை. அவளுடைய அப்பியாசக் கொப்பியில் ‘இன் – உள்ளே, ஒன் – மேல, அண்டர் – கீழ’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். நான் படிப்பித்ததைத்தான் அந்தப் பிள்ளை உம்மம்மாவின் மருந்துத் தாளுக்குப் பயன்படுத்தினாள்.

அன்று இரவு ஒரு கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு இப்படிப் படிப்பிக்கச் சொன்னது யார்? ஆசிரியர் கலாசாலையில் எங்கள் விரிவுரையாளர் இதற்கு நேர்மாறாகத்தான் சொன்னார்: தனிச் சொல்லைப் படிப்பிக்காதீர்கள், சொற்றொடரைப் படிப்பியுங்கள். நான் அதைக் குறிப்பெடுத்தேன், பரீட்சையிலும் எழுதினேன். வகுப்புக்கு வந்ததும் என் ஆசிரியர் எனக்குப் போட்ட அதே பட்டியலைப் போட்டேன். அவருக்கு அவருடைய ஆசிரியர். அப்படியே பின்னால் போய்ப் பார்த்தால் இந்தப் பட்டியலின் வயது இரண்டாயிரம் வருடத்துக்கு மேல்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தியோனீசியஸ் திராக்ஸ் என்பவரின் பெயரில் ஒரு சிறிய கிரேக்க இலக்கண நூல் இருக்கிறது. பெயர், வினை என்று சொற்களை எட்டு வகையாகப் பிரித்த நூல் அது. ரோமர்கள் அந்த முறையை லத்தீனுக்கு எடுத்துக்கொண்டார்கள். 4ஆம் நூற்றாண்டில் டொனாட்டஸ் எழுதிய லத்தீன் இலக்கணத்தை ஐரோப்பியப் பிள்ளைகள் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக மனனம் செய்தார்கள். இன்று நாங்கள் ‘எட்டுச் சொல்வகை’ என்று படிப்பிப்பது அங்கிருந்து வந்ததுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கிரேக்கமும் லத்தீனும் சொல்லின் வாலில் உருபு ஒட்டுகிற மொழிகள். எங்கள் தமிழைப் போல. ‘வீடு’ என்பது வீட்டை, வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து என்று மாறும். அந்த ஒரு சொல்லைப் பார்த்தாலே வாக்கியத்தில் அதன் வேலை என்ன என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட மொழிக்குச் சொல்லைத் தனித்தனியாக எடுத்து ஆராய்வது பெரிதும் பொருந்தும்.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் அப்படி உருபுகள் இருந்தன. 11ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் அவை பெரும்பாலும் தேய்ந்து மறைந்தன. உருபு செய்த வேலையை முன்னால் வருகிற சின்னச் சொற்களும் சொல் ஒழுங்கும் ஏற்றுக்கொண்டன. நாங்கள் ‘வீட்டில்’ என்று ஒரே சொல்லில் சொல்வதை ஆங்கிலம் ‘இன் த ஹவுஸ்’ என்று மூன்று சொல்லில் சொல்கிறது. மூன்று சொல் என்றாலும் வேலை ஒன்றுதான். அந்த மூன்றையும் சேர்த்துத்தான் சொற்றொடர் என்கிறோம். சொற்றொடர் என்பது பரீட்சைக்கான ஒரு பெயர் மட்டும் இல்லை. எங்கள் மொழியில் உருபு செய்கிற வேலையை ஆங்கிலத்தில் செய்கிற பொருள் அது.

ஆனால் ஆங்கிலத்துக்கு இலக்கணம் எழுத வந்தவர்கள் லத்தீன் அச்சையே கையில் எடுத்தார்கள். 1586இல் வில்லியம் புல்லோக்கர் அச்சிட்ட நூல்தான் ஆங்கிலத்துக்கான முதல் இலக்கண நூல் என்பார்கள். அது லத்தீன் பாடநூல் ஒன்றைப் பின்பற்றி எழுதப்பட்டது. 1762இல் றொபர்ட் லோத் எழுதிய இலக்கணம் மிகவும் புகழ்பெற்றது. சொற்றொடருக்கு அவர் ஒரு வரைவிலக்கணம் கொடுத்திருக்கிறார், ஆனால் நூலின் பெரும்பகுதி சொல்வகைகளுக்கே போகிறது. 1795இல் லிண்ட்லி மரே வந்தார். அவர் அமெரிக்காவில் பிறந்த சட்டத்தரணி. இங்கிலாந்தின் யோர்க் நகரத்துக்குப் பக்கத்தில் குடியேறி, அங்கிருந்த ஒரு பெண்கள் பாடசாலைக்காக இலக்கணம் எழுதினார். அந்தப் புத்தகம் பல இலட்சம் பிரதிகள் விற்றது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லும் என்ன வகை என்று சொல்ல வைக்கிற ‘பார்சிங்’ பயிற்சி வகுப்பறையின் அன்றாட வேலையாக ஊன்றியதில் மரேயின் புத்தகத்துக்குப் பெரிய பங்குண்டு.

இதற்கு எதிர்ப்பக்கமாகவும் சிலர் யோசித்தார்கள். 1877இல் அமெரிக்காவில் றீட், கெலொக் என்ற இரண்டு ஆசிரியர்கள் வாக்கியத்தைப் படமாக வரையும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எழுவாயும் பயனிலையும் ஒரு நேர்கோட்டில் இருக்கும். சொற்றொடர் முழுவதும், தான் விளக்குகிற சொல்லுக்குக் கீழே சாய்கோட்டில் தொங்கும். எந்தச் சொற்கள் ஒன்றாகச் சேர்கின்றன, சேர்ந்த பிறகு எதில் தொங்குகின்றன என்று பிள்ளை கண்ணால் பார்க்கலாம். எங்கள் பக்கம் அந்தப் படம் பெரிதாக வரவில்லை. பிரித்தானிய இந்தியாவில் கல்வி அதிகாரியாக இருந்த நெஸ்ஃபீல்டின் இலக்கணமும், அதற்குப் பிறகு 1930களில் ரென் அன்ட் மார்ட்டினும்தான் இந்தப் பிராந்தியத்துப் பாடசாலைகளை ஆண்டன. என் பெரியவாப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அட்டை கழன்ற ஒரு ரென் அன்ட் மார்ட்டினை இன்றைக்கும் அலுமாரியில் வைத்திருக்கிறார். பெயர்ச் சொற்றொடர், பெயரடைச் சொற்றொடர், வினையடைச் சொற்றொடர் என்று அதில் எல்லாம் இருக்கிறது. கோடிடு, பெயரைச் சொல், புள்ளி எடு.

பெரியவாப்பாவுக்கு அந்தப் புத்தகம் நன்றாக வேலை செய்தது. எங்களுக்கு ஏன் செய்யவில்லை? இந்த இடத்தில் எங்கள் நாட்டுக் கதைக்கு வர வேண்டும்.

1833இல் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்கள் வந்த பிறகு இலங்கையில் அரச உத்தியோகத்தின் வாசல் ஆங்கிலம் ஆனது. ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று எங்கள் மூதாதையர் பயந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரியது. கண்டியில் பிறந்த சட்டத்தரணி அறிஞர் சித்தி லெப்பை (1838–1898) இதைக் கண்டு வேதனைப்பட்டார். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, கல்வியைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார். மார்க்கத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே கூரையின் கீழ் படிக்கலாம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் கொழும்புக்கு வந்த ஒராபி பாஷாவின் ஆதரவும், வாப்பிச்சி மரிக்காரின் உழைப்பும் சேர்ந்து, 1892இல் மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா உருவானது. அதுதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. 1921 முதல் 1948 வரை ரி.பி. ஜாயா அதன் அதிபராக இருந்தார். அடுத்து ஏ.எம்.ஏ. அஸீஸ் வந்தார்.

ஆனாலும் ஆங்கிலப் பாடசாலை என்றால் கட்டணம். கிராமத்துப் பிள்ளைக்கு அது எட்டாக்கனி. 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி அந்தக் கதவைத் திறந்தது. அதோடு, படிப்படியாகப் பாடசாலையின் மொழி தாய்மொழி ஆனது. ஆங்கிலம் எல்லாருக்கும் உரிய இரண்டாம் மொழிப் பாடமாக மாறியது. இது பெரிய நன்மை. நானும் அந்த இலவசக் கல்வியில் வந்தவன்தான்.

ஆனால் ஒன்றை நாங்கள் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். பழைய ஆங்கிலப் பாடசாலையில் படித்த பிள்ளை கணக்கையும் ஆங்கிலத்தில் படித்தது, சரித்திரத்தையும் ஆங்கிலத்தில் படித்தது, திட்டு வாங்கியதும் ஆங்கிலத்தில்தான். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்று காதுக்கு முதலே தெரியும். ரென் அன்ட் மார்ட்டின் அந்தக் காதுக்குப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தது. இலவசக் கல்விக்குப் பிறகு வந்த பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு ஒரு பாடவேளை. காது பழகவில்லை. பாடமுறை மட்டும் பழையதாகவே இருந்தது. பெரியவாப்பாவுக்கு வேலை செய்த புத்தகம் எங்களிடம் வந்து வெறும் பட்டியலாகிப் போனது அப்படித்தான்.

இந்தப் பிரச்சினையை உலகத்தில் முதலில் கண்டவர்கள் நாங்கள் இல்லை. 1920களில் டாக்காவில் ஆசிரியர் கலாசாலை அதிபராக இருந்த மைக்கல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். பெரும்பாலான பிள்ளைகள் படிப்பை இடையில் விட்டுவிடுகிறார்கள். காப்புறுதியை இடையில் நிறுத்தினால்கூட ஏதோ ஒரு தொகை கையில் கிடைக்கும். ஆங்கிலத்தை இடையில் விட்ட பிள்ளைக்குக் கையில் என்ன கிடைக்கிறது? வாசிக்கும் திறனாவது மிஞ்ச வேண்டும் என்று அவர் பிள்ளைகளுக்காக இலகு வாசிப்பு நூல்கள் எழுதினார். 1922இல் டோக்கியோவுக்குப் போன ஹரல்ட் பாமர், ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டே வரும் சொற்கூட்டங்களைச் சேகரித்தார். துண்டு துண்டாக ஒட்டிப் பார்க்காமல் முழுசாகவே படிக்க வேண்டியவை அவை என்றார். அவரோடு வேலை செய்த ஏ.எஸ். ஹோர்ன்பி 1942இல் ஜப்பானில் வெளியிட்ட அகராதிதான், 1948இல் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக வந்து, இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் கையில் இருக்கும் ஒக்ஸ்ஃபோர்ட் மாணவர் அகராதியாக வளர்ந்திருக்கிறது. அந்த அகராதியில் ‘ஸ்டொமக்’ என்ற சொல்லைத் தேடுங்கள். சொல்லின் கருத்தோடு, அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதும் இருக்கும். நாங்கள் கருத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம்.

இனி எனக்கே வியப்பாக இருந்த விசயத்தைச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குச் சொற்றொடர் புதிதில்லை. பாலர் வயதிலேயே நாக்கில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ‘பிஸ்மில்லாஹ்’.

‘பி’ என்பது முன்னால் வரும் சின்னச் சொல், ஆங்கிலத்து ‘இன்’ போல. ‘இஸ்மி’ என்றால் பெயர். மத்ரஸாவில் ஓதிய பிள்ளைக்கு இது ‘ஜார் – மஜ்ரூர்’ என்று தெரியும். பெயர் அல்லாஹ்வோடு சேர்வது ‘முளாஃப் – முளாஃப் இலைஹி’. ஆங்கிலத்தில் ‘இன் த நேம் – ஒஃப் அல்லாஹ்’. அதே ஒழுங்கு, அதே இரண்டு கட்டு. தமிழில் மட்டும்தான் தலைகீழாக ‘அல்லாஹ்வின் பெயரால்’ என்று வரும்.

8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் இருந்த சீபவைஹி தொடக்கம் அரபு இலக்கண அறிஞர்கள் இந்தத் தொடர்களை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். மொரோக்கோவின் பாஸ் நகரத்து இப்னு ஆஜுரூம் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய சிறு நூலை அரபு மத்ரஸாக்களில் இன்றும் ஓதுகிறார்கள். ஜார் – மஜ்ரூரை அரபு இலக்கணத்தில் ‘ஷிப்ஹுல் ஜும்லா’ என்பார்கள். வாக்கியத்தைப் போன்றது, ஆனால் வாக்கியம் இல்லை. ‘பிஸ்மில்லாஹ்’ தனியாக நிற்காது, அது ஒரு வினையோடு தொடர்புபட வேண்டும், ‘ஓதுகிறேன்’ அல்லது ‘ஆரம்பிக்கிறேன்’ என்பது உள்ளே மறைந்திருக்கிறது என்று ஹஸ்ரத்மார் விளக்குவார்கள். இந்தத் தொடர் எதோடு தொடர்புபடுகிறது என்று அவர்கள் கேட்பதும், றீட்டும் கெலொக்கும் கோடு போட்டுத் தொங்கவிட்டதும் ஒரே கேள்விதான்.

தமிழிலும் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு நன்னூல் தொகைநிலைத் தொடர், தொகாநிலைத் தொடர் என்று பிரித்துச் சொல்கிறது. ‘வீடு சென்றான்’ என்பதில் மறைந்திருக்கிற ‘கு’ உருபைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, சொற்கள் சேர்ந்து ஒரு வேலை செய்வது விளங்காமல் போகாது. மத்ரஸாவில் ஒரு இலக்கணம், தமிழ்ப் பாடத்தில் ஒரு இலக்கணம், ஆங்கிலப் பாடத்தில் ஒரு இலக்கணம் என்று பிள்ளையின் மண்டைக்குள் மூன்று அறைகளைக் கட்டி, நடுவில் கதவு வைக்க மறந்தது நாங்கள்தான்.

இப்போது வகுப்பில் நான் என்ன செய்கிறேன் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டிலும் செய்யலாம். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை.

முதலாவது, பட்டியலை அழித்துவிட்டேன். ‘ஒன் – மேல’ கிடையாது. ‘ஒன் த டேபிள் – மேசையில்’, ‘ஒன் ஃப்ரைடே – வெள்ளிக்கிழமையில்’, ‘ஒன் த பஸ் – பஸ்ஸில்’, ‘ஒன் என் எம்ப்டி ஸ்டொமக் – வெறும் வயிற்றில்’. தமிழ்ப் பக்கத்தைப் பாருங்கள். நான்கிலும் ‘மேல’ வரவில்லை, ‘இல்’ உருபுதான் வந்திருக்கிறது. பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்துச் சொன்ன நாள் எனக்கு மறக்காது.

இரண்டாவது, வாசிக்கும்போது சரிவுக் கோடு. ‘த ஓல்ட் மேன் / இன் த வைட் ஷர்ட் / இஸ் சிட்டிங் / அண்டர் த மேங்கோ ட்ரீ’. கோடு வந்த இடத்தில்தான் மூச்சு. குர்ஆனில் நிறுத்தக் குறி பார்த்து ஓதிப் பழகிய பிள்ளைகளுக்கு இது சொல்லியே கொடுக்கத் தேவையில்லை. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் கருத்துக் கெடும் என்பது அவர்களுக்கு முதலே தெரியும்.

மூன்றாவது, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கேள்வி. யார்? எந்த மனிதர்? என்ன செய்கிறார்? எங்கே? துண்டு முழுவதும் சேர்ந்துதான் பதில். ‘அண்டர்’ என்பது மட்டும் பதில் ஆகுமா என்று கேட்டால் பிள்ளைகளே “இல்ல சேர்” என்கிறார்கள்.

நான்காவது, வளர்க்கிற விளையாட்டு. ‘எ பேக்’. பிறகு ‘எ ரெட் பேக்’. பிறகு ‘எ ரெட் பேக் வித் டூ பொக்கெட்ஸ்’. எவ்வளவு வளர்த்தாலும் அந்த முழுத் தொடரையும் தூக்கிவிட்டு ‘இட்’ என்ற ஒரு சொல்லை அங்கே வைக்கலாம். அப்படி வைக்க முடிந்தால் அது பெயர்ச் சொற்றொடர். பெயரை நான் கடைசியில்தான் சொல்கிறேன்.

பரீட்சைக்கு இது போதுமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சாதாரண தரத்தில் வாசித்து விளங்கும் பகுதியில் எங்கள் பிள்ளைகள் புள்ளி இழக்கும் இடம் சொல் தெரியாத இடம் மட்டும் இல்லை. எல்லாச் சொல்லும் தெரிந்தும் வாக்கியம் விளங்காத இடங்களும் நிறைய. விடைத்தாள் திருத்துகிற எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். ஆனால் புள்ளிக்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. சாதாரண தரத்தோடு படிப்பை விடுகிற பிள்ளையும் நாளை தன் வாப்பாவின் மருந்துத் தாளை வாசிக்கும், வங்கிப் படிவத்தை வாசிக்கும், வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தை வாசிக்கும். அவற்றில் பாதி ‘ஆஃப்டர் மீல்ஸ்’, ‘ஒன் டிமான்ட்’, ‘ஃபோர் எ பீரியட் ஒஃப் டூ யர்ஸ்’ மாதிரியான சொற்றொடர்கள்தான். டாக்காவில் மைக்கல் வெஸ்ட் கேட்ட கேள்வி எங்கள் ஊருக்கும் உரியது.

அந்த மாணவியை நான் கூப்பிட்டு, பிழை உன்னுடையது இல்லை, நான் போட்ட பட்டியலுடையது என்று சொன்னேன். அவள் கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டி, “அப்ப இதை வெட்டவா சேர்?” என்று கேட்டாள். வெட்டச் சொன்னேன். சிவப்புப் பேனையை நான்தான் கொடுத்தேன்.

இன்று இரவு உங்கள் பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு வாக்கியத்தை வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே மூச்சு விடுகிறது என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு விட்டால், அடுத்த நாள் ஆங்கில ஆசிரியரைப் போய்ச் சந்தியுங்கள். என்னுடைய வகுப்புப் பிள்ளையாக இருந்தால் என்னிடமே வாருங்கள்.

வஸ்ஸலாம்.